மிதிச்சேன், திரும்பல

வெல்லவாய
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தேவதாசன் எழுதுறேன். மாதா காவல்ல நான் சுகம். நீங்களும் மக கேஷானியும் சுகமா இருக்கீங்களா? காதுக்கு டாக்டர் மாத்திக் குடுத்த மருந்து ஏதாவது கேக்குதா? தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரு வெடிப்பு பெருசாச்சா?

போன்ல பேசினா கேஷானிதான் கேட்டு உங்களுக்குச் சொல்றா, பாதியை முழுங்கிடுறான்னு கோவிச்சுக்கிட்டீங்க. அதனால இனிமே கடிதாசிதான். பெக்டரி ரோலர் சத்தம் உங்க காதை எடுத்துச்சு, கண்ணை எடுக்கலையே.

பிளேன் ஓட்டப் பழக்குற இந்த எடத்துல வேலை பழகிருச்சு. ஹுமைத் சேர்னு ஒருத்தர்தான் எஞ்சினியர். தேயிலை பெக்டரியில பன்னண்டு வருஷம் ஃபிட்டரா இருந்தேன், பெக்டரி மூடிட்டாங்கன்னு சொன்னேன். வேற ஒண்ணும் கேக்காம ஸ்பேனரைக் கையில குடுத்துட்டாரு. காலையில பிளேனைப் பாத்து, சரின்னு புத்தகத்துல கையெழுத்து வைக்கிறது இப்ப என் வேலை.

பிளேன்னு நீங்க பெருசா நெனைக்காதீங்க. ரெண்டு பேர் இருக்கலாம், ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். ஒடம்பெல்லாம் துணி, மேல சாயம். முன்னால ரெண்டு சக்கரம், வாலுக்கு அடியில ஒரு குட்டிச் சக்கரம். நிக்கிறப்ப மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும், ஓட்டுற ஆளுக்கு முன்னால தரையே தெரியாது. மேல போறது சுலபமாம், எறங்குறதுதான் கஷ்டமாம். தரையைத் தொட்டதும் வால் முந்திக்கிட்டு வரப் பாக்கும். கால் மிதியால நேரா புடிச்சு வைக்கணும். கொஞ்சம் அசந்தா ஒரு சுத்து சுத்தி, செறகு தரையில இடிச்சு நிக்கும். நான் வந்ததிலேர்ந்து மூணு தடவை அப்படி ஆயிருச்சு. யாருக்கும் அடி இல்ல. கொழும்பிலேர்ந்து பழக வாற பேங்க் மனேஜர் ஒருத்தர், எறங்கி வந்து தொப்பியைக் கழட்டி அதுக்குள்ளயே வாந்தி எடுத்தாரு. சுத்திட்டு வர்றவங்க எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை: "மிதிச்சேன், திரும்பல." பறக்கச் சொல்லிக் குடுக்கிற கேப்டன் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாரு. நாங்களும் சிரிப்போம்.

பழகுறவங்கள்ல ஒரு பொண்ணு இருக்கு, ஆர்த்திகா. பதுளை டவுன் பிள்ளை. அப்பா கனகரத்தினத்துக்குக் கச்சேரியில அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்து ஆளுங்க. தமிழ் பேச இங்க நான் ஒருத்தன்தான்னு "தேவதாசண்ணை, தேவதாசண்ணை"ன்னு சுத்திச் சுத்தி வரும். பறக்குறதுக்கு முன்னால என்கூடவே நடந்து ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பாக்கும். மத்தவங்க யாரும் அப்படிச் செய்யறதில்ல.

கேஷானியோட பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு போட்டோ வச்சிருக்கேன். ஒடம்பைப் பாத்துக்கங்க.

அன்புத் தம்பி
தேவதாசன்


தெமோதரை
27.02.2024

அன்புத் தம்பி தாசனுக்கு,

அக்கா அந்தோனியம்மா எழுதுறது. ஒன் கடிதாசி கெடச்சுது, கேஷானிக்குக் குடுக்காம நானே மூணு தடவை படிச்சேன். இங்க எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? அங்க வெயில் கொல்லுமே.

காதுக்கு மருந்து போட்டு ஒண்ணும் ஆகல. இனி கேக்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுக் காட்டுனாரு. எனக்கு அது ஏற்கெனவே தெரியும். ஒரு கொப்பியும் பேனாவும் பையில போட்டுக்கிட்டே திரியுறேன். பேச வர்றவங்ககிட்ட நீட்டிருவேன். எழுதத் தெரியாதவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க.

சுவரு வெடிப்புல இப்ப விரல் போகுது. கிராமசேவகர் வந்து பாத்து, மழை வந்தா லயத்துல இருக்க வேணாம்னு ஒரு தாளை ஒட்டிட்டுப் போனாரு. மழை வந்தா பாத்துக்கலாம்.

ஒரு நல்ல விசயம். பெரகலையில ஒரு எடம் இருக்கு. பொண்ணு கடையில கணக்குப் பாக்குது, முப்பத்தி ரெண்டு வயசு, நம்ம கோயில்தான். நீ வெல்லவாயவிலேர்ந்து வர்றப்ப அந்தப் பக்கமா சுத்தி வந்து, பஸ்ஸை விட்டு எறங்கி ஒரு எட்டு பாத்துட்டு வா. முப்பத்தொம்பது வயசாச்சு தாசா. ஸ்பேனரைக் கட்டிக்கிட்டே இருக்க முடியாது.

பிளேன் கதையை கேஷானி பிள்ளைங்களுக்குச் சொன்னா. தொப்பிக்குள்ள வாந்தி எடுத்த கதையை மறுபடி சொல்லச் சொல்லுதுங்களாம்.

ஒன் அக்கா


வெல்லவாய
14.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். ஈஸ்டருக்கு வர முடியலைன்னு கோவிச்சுக்காதீங்க. பண்டிகை நாள்லதான் பழக வர்ற ஆளுங்க கூடுதல்.

ஆர்த்திகா போன கெழமை மொத தடவையா தனியா பறந்துச்சு. கேப்டன் முன் சீட்டிலேர்ந்து எறங்கி, "போ"ன்னு கைகாட்டிட்டு வந்துட்டாரு. பிள்ளை ஒரு வட்டம் சுத்தி எறங்குச்சு. ரெண்டு தடவை லேசாத் துள்ளி, நேரா வந்து நின்னுச்சு. சம்பிரதாயத்துக்கு ஒரு வாளித் தண்ணியைத் தலையில ஊத்தினாங்க. நனைஞ்ச தலையோட என்கிட்ட ஓடி வந்து, "அண்ணை, பாத்தனீங்களோ?"ன்னு கேட்டுச்சு. பாத்தேன்னு சொன்னேன். மறுநாள் அவங்க அம்மா ஞானேஸ்வரி கையால செஞ்ச பயத்தம்பணியாரம் ஒரு டப்பா கொண்டாந்து குடுத்துச்சு.

இங்க சாமான்தான் தட்டுப்பாடு. சின்னச் சின்னதுக்கெல்லாம் வெளிநாட்டைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு. இருக்கிறதை வச்சு சமாளிக்கிறோம்.

பெரகலை விசயம், வர்ற மாசக் கடைசியில லீவு போட்டு வாறேன். அன்னைக்கே பாத்துடலாம். எதுக்கும் பொண்ணுகிட்ட என் முடி கொட்டினதைச் சொல்லி வைங்க.

தேவதாசன்


தெமோதரை
12.05.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம். நீ சுகமான்னு மட்டும் ஒரு வரி ஒடனே எழுது.

கேஷானி பேப்பர்ல பாத்தா. வெல்லவாய பக்கம் சின்ன விமானம் எறங்குறப்ப கவிழ்ந்து, பழகுற மாணவி ஒருத்தி படுகாயம்னு போட்டிருக்கு. பேரு போடல. ஒன் போனுக்கு அடிச்சா நீ "நல்லா இருக்கேன், வேலையா இருக்கேன்"னு வச்சுட்டியாம். ஒன் குரல் எப்படி இருந்துச்சுன்னு கேஷானியைக் கேட்டேன். சாதாரணமா இருந்துச்சுங்கிறா.

அது அந்தப் பதுளைப் பிள்ளையா?

அக்கா


வெல்லவாய
26.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆமா, ஆர்த்திகாதான். ஆறாந் தேதி காலையில. எறங்கி ஓடுறப்ப எடப்பக்கம் திரும்பி, ஓடுதளத்தை விட்டு விலகி, கரும்புக்குத் தண்ணி போற வாய்க்கால்ல விழுந்து கவிழ்ந்துருச்சு. புதுசா பழகுற பிள்ளை. காத்தும் இருந்துச்சு. இந்த வகைப் பிளேன்ல நடக்கிறதுதான்னு எல்லாரும் சொல்றாங்க.

பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. நீங்க கிளினிக்குப் போற அன்னைக்கு முடிஞ்சா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. என் அக்கான்னு சொல்ல வேணாம். என் பேரையும் சொல்ல வேணாம்.

இந்த மாசம் லீவு கெடைக்காது.

தேவதாசன்


தெமோதரை
16.06.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம். கேஷானிக்கு ரெண்டு நாள் காய்ச்சல், இப்ப பரவால்ல.

வியாழக்கிழமை பாத்துட்டு வந்தேன். கோயில் மரியாயின் சேனையில நோயாளிங்களைப் பாக்கப் போறது வழக்கம்தானே, அதனால ஏன் வந்தீங்கன்னு யாரும் கேக்கல. சன்னலோரக் கட்டில். மொகம் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம். அம்மாக்காரி தலை சீவி விட்டுக்கிட்டு இருந்தா. அவ கொப்பியில எழுதிக் காட்டுனது: "ஒருத்தரோடயும் கதைக்கிறாள் இல்லை. இரவில கண் மூடுறதும் இல்லை."

அவ தண்ணி எடுக்கப் போனப்ப பிள்ளை என் கொப்பியைப் பாத்துச்சு. எனக்குக் காது கேக்காதுன்னு காதைத் தொட்டுக் காட்டுனேன். என்ன நடந்துச்சு மகளேன்னு வாயால கேட்டேன். பேனாவைப் புடுங்கின மாதிரி வாங்கி எழுதுச்சு. அவங்க அம்மா திரும்பி வர்ற வரைக்கும் எழுதுச்சு.

அந்தத் தாளைக் கிழிச்சு இதுகூட வச்சிருக்கேன். நான் யாருன்னு சொல்லல.

அக்கா

(தாள்)

அன்ரி, அண்டைக்கு நான் நல்லாத்தான் இறங்கினனான். மூண்டு சில்லும் ஒண்டா நிலத்தில பட்டது. துள்ளக்கூட இல்லை. பிறகு இடப்பக்கம் இழுக்கத் துவங்கினது. வலது காலால மிதியை உழக்கினனான். கடைசி மட்டும் உழக்கினனான். திரும்பேல்லை. வாய்க்காலைக் கண்ட பிறகும் உழக்கிக்கொண்டுதான் இருந்தனான். இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பீனம் இல்லை. எல்லாரும் இதைத்தான் சொல்லுறவையாம். பிளேனில ஒரு பழுதும் இல்லை. தேவதாசண்ணை எண்டு ஒருத்தர் பாத்துத் தந்தவர். அவர் பாத்தா பிழை வராது. அப்ப பிழை என்னிலதான். ஆனா அன்ரி, நான் உழக்கினனான்.


தெமோதரை
14.07.2024

அன்புத் தம்பிக்கு,

சுகமா? நான் போன மாசம் போட்ட கடிதாசி கெடச்சுதா? பதில் இல்ல. தபால்ல காணாமப் போயிருச்சோன்னு ஹாலிஎல தபால் கந்தோர்ல கேஷானியை விட்டுக் கேட்டேன். அங்க ஒண்ணும் தங்கலையாம்.

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முன்னால இன்னொரு வியாழக்கிழமை போனேன். இந்தத் தடவை கொப்பியை வாங்கல. சுவரைப் பாத்துப் படுத்திருந்துச்சு. விசாரணைக்காரங்க எழுதின அறிக்கை வந்திருச்சாம். அனுபவம் பத்தாத மாணவி, எறங்குறப்ப மிதியைச் சரியான நேரத்துல மிதிக்கலைன்னு முடிச்சிட்டாங்களாம். கனகரத்தினம் ஐயா அதைக் கையில சுருட்டி வச்சுக்கிட்டு வராந்தாவுல நின்னாரு. ஒசரமான மனுசன், கூனிப் போயிட்டாரு. "நான்தான் அவளைப் பறக்க விட்டனான்"னு எழுதினாரு. பொறகு கொப்பியைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

பெரகலைக்காரங்க வேற எடம் பாத்துட்டாங்க. நீயும் ஒண்ணும் சொல்லல, நானும் அவங்களைப் புடிச்சு வைக்க முடியல.

அக்கா


வெல்லவாய
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்க ரெண்டு கடிதாசியும் கெடச்சுது. தாளும் கெடச்சுது.

இங்க காத்து பலமா இருக்கு. பிளேனை எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கோம். கரும்பு வெட்டுறாங்க, புகையும் தூசியும். ஹுமைத் சேர் பழைய ஒரு எஞ்சினை முழுசாப் பிரிச்சுப் பூட்டச் சொன்னாரு, பூட்டிட்டேன். நல்லா ஓடுது. மெச்சிக்கிட்டாரு. நான் சாப்பிடுறேன், வேலை செய்றேன், ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறேன். போன கெழமை சுத்தியல் விரல்ல பட்டு நகம் போயிருச்சு. ரத்தத்தைப் பாத்த பொறகுதான் அடி பட்டதே தெரிஞ்சுது.

பெரகலை விசயம் போனது நல்லதுதான்.

கேஷானிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?

தேவதாசன்


தெமோதரை
11.08.2024

தாசா,

நாங்க சுகம்.

நீ ஏன் ஒன் பேரைச் சொல்ல வேணாம்னு எழுதின? ரெண்டு மாசமா இதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். நோயாளியைப் பாக்கப் போற ஆளு பேரைச் சொன்னா என்ன கொறைஞ்சிரும்?

ஒனக்கு இராக்கம்மாவை ஞாபகம் இருக்கா? மேல் லயத்துல இருந்தாளே, நீ சின்னப் பையனா இருக்கிறப்ப ஒனக்கு வறுத்த கடலை தருவா. அவ கை ரோலர் பெல்ட்டுல போச்சு. வேலை நேரத்துல தூங்கிட்டான்னு எழுதி, அவளைப் பேர் வெட்டி வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நான் பக்கத்து ரோலர்ல நின்னேன். அவ தூங்கல. பெல்ட்டுக்கு மேல போடுற கம்பி மூடியைக் கழட்டி மூணு நாளாச்சு, திருப்பிப் போடல. எனக்குத் தெரியும். தோட்டத்துத் தொரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. "நான் பாக்கலைங்க"ன்னு சொன்னேன். அப்ப நீ பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்த, அம்மா படுத்த படுக்கை, அதையெல்லாம் நெனச்சேன். அதெல்லாம் உண்மைதான். ஆனா அவ சாகுற வரைக்கும் கோயில்ல என்னைப் பாத்தா, "அந்தோனி, நான் தூங்கிட்டேனா? ஒனக்குத் தெரியுமே, நான் தூங்கினேனா?"ன்னு கேப்பா. கடைசிக் காலத்துல தூங்கிட்டேன்னு அவளே நம்பிட்டா. எனக்கு அப்ப காது நல்லாக் கேட்டுச்சு.

இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. கேஷானிக்கும் தெரியாது. ஒனக்குப் புத்தி சொல்ல எழுதல. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

அக்கா


வெல்லவாய
01.09.2024

அக்கா,

இதைக் கேஷானிகிட்ட குடுக்க வேணாம்.

வால்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கும். மிதியை மிதிச்சா அந்த ஸ்பிரிங்தான் சக்கரத்தை இழுத்துத் திருப்பும். வலது பக்க ஸ்பிரிங்கோட கொக்கி தேஞ்சு வாய் தொறந்திருந்துச்சு. மே அஞ்சாந் தேதி பின்னேரம் பாத்தேன். புதுசு ஸ்டோர்ல இல்ல. ஹுமைத் சேர் சாமான் எடுக்கத்தான் கொழும்புக்குப் போயிருந்தாரு. பிளேனை நிப்பாட்டி வச்சிருக்கணும். அதுக்கு ஒரு சிவப்புத் துணியை வால்ல கட்டினாப் போதும், யாரும் தொட மாட்டாங்க. நான் குறட்டால கொக்கியை நெருக்கி விட்டேன். ரெண்டு நாள் தாங்கும், அவர் வந்துருவாருன்னு நெனச்சேன். புத்தகத்துல சரின்னு கையெழுத்து வச்சேன். யாரும் அவசரப்படுத்தல. யாரும் பயமுறுத்தல. எனக்கு அது பெருசாத் தெரியல, அவ்வளவுதான்.

காலையில அந்தப் பிள்ளை வந்து எப்பவும் போல என்கூட நடந்துச்சு. குனிஞ்சு அந்த ஸ்பிரிங்கைத் தொட்டுச்சு. "அண்ணை, இது கொஞ்சம் இளகின மாதிரிக் கிடக்கு"ன்னு கேட்டுச்சு. "அது அப்படித்தான் இருக்கும் தங்கச்சி, நான் பாத்துட்டேன்"னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு ஏறிப் போயிருச்சு.

எறங்கினப்ப நான் பாத்துக்கிட்டு நின்னேன். அது எழுதினது சரி. துள்ளாம, பூ மாதிரி எறங்குச்சு. பொறகு திரும்பிச்சு.

நாங்க ஓடிப் போய் தூக்கினப்ப, அதுக்கு நினைவு இருந்துச்சு. என்னைப் பாத்து, "உழக்கினனான் அண்ணை, திரும்பேல்லை"ன்னு சொல்லுச்சு. கேப்டன், "இப்ப அதைப் பத்திப் பேச வேணாம்"னு சொன்னாரு. நானும் பேசல.

வால் பக்கம் முழுசா நசுங்கிப் போனதுல விசாரணைக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியல. பிளேன் விழுந்ததுல ஸ்பிரிங் அந்துபோச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. மறுநாள் காலையில நான் ஓடுதளத்துல நடந்து பாத்தேன். சக்கரத் தடம் வளையத் தொடங்குற எடத்துல, புல்லுல, அந்த ஸ்பிரிங் கெடந்துச்சு. வாய்க்கால் அங்கிருந்து நூறு கெஜம் தள்ளி. கவிழ்றதுக்கு முன்னாலயே கழண்டு விழுந்திருக்கு. எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். இப்ப என் பெட்டியில சோப்பு டப்பாவுக்குள்ள இருக்கு.

இதை எழுதுறப்ப அழுகை வரும்னு நெனச்சேன். வரல. நாலு மாசமா ஒண்ணுமே வரல. சோத்துல உப்புக் கூடினாலும் தெரியல. இராக்கம்மா எனக்குக் கடலை குடுத்தது ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு ஒரு கை இல்லாததும் ஞாபகம் இருக்கு. ஏன்னு நான் கேட்டதே இல்ல.

தேவதாசன்


வெல்லவாய
29.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க எனக்குப் பதில் போடாதது ஏன்னு புரியுது. நீ போய்ச் சொல்லுன்னு எழுதினா, நீங்க சொல்லித்தான் போனேன்னு ஆயிருக்கும்.

பத்தாந் தேதி ஹுமைத் சேர்கிட்ட டப்பாவைக் குடுத்தேன். தொறந்து பாத்தாரு. "அறிக்கை முடிஞ்சிருச்சு தாசன். உன்னை யாரும் கேக்கலையே"ன்னாரு. ஆமாங்க சேர், யாரும் கேக்கலைன்னேன். அந்தக் கொக்கியை லாம்புக்குக் கீழ வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நான் அன்னைக்கு இங்க இருந்திருந்தாலும் நெருக்கித்தான் விட்டிருப்பேனோ என்னவோ"ன்னு சொன்னாரு. அவரே என்னைக் கூட்டிக்கிட்டு விசாரணைக்காரங்ககிட்ட போனாரு. எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். போலீசுலயும் வாக்குமூலம் குடுத்தாச்சு. வழக்கு வரலாம்னு சொன்னாங்க. வேலை போயிருச்சு. இனிமே பிளேனைத் தொட முடியாது. அறிக்கையைத் திருத்தி எழுதுறாங்க.

பொறகு பதுளைக்குப் போனேன். கனகரத்தினம் ஐயா கந்தோருக்குப் போயிருந்தாரு. ஞானேஸ்வரி அம்மா என்னை அடையாளம் கண்டு, "வாங்கோ, பிள்ளை உங்களைப் பற்றித்தான் சொல்லுவாள்"னு சொல்லி உக்கார வச்சு, தேத்தண்ணி ஊத்திக் கொண்டாந்து வச்சாங்க. பிள்ளை சக்கர நாற்காலியில இருந்துச்சு. மெலிஞ்சு போயிருச்சு. நான் தேத்தண்ணியைத் தொடாம எல்லாத்தையும் சொன்னேன். கொக்கி, குறடு, புத்தகம், புல்லுல கெடந்தது, பையில போட்டது.

பிள்ளை நான் முடிச்ச பொறகு, "வலது பக்க ஸ்பிரிங்கோ?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாங்க தங்கச்சி."

"அது கழண்டா, எவ்வளவு உழக்கினாலும் சில்லு திரும்பாதோ?"

"திரும்பாது."

"கடைசி மட்டும் உழக்கினாலும்?"

"என்ன செஞ்சாலும் திரும்பாது தங்கச்சி."

"அப்ப நான் உழக்கினது சரி"ன்னு சொல்லுச்சு. பொறகு சத்தமா, "அம்மா! நான் உழக்கினது சரியாம்! அம்மா, கேட்டனீங்களோ?"ன்னு கத்துச்சு. அழுதுச்சு, சிரிச்சுச்சு. அக்கா, அந்தப் பிள்ளை சந்தோசப்பட்டுச்சு. கால் ரெண்டும் அப்படியே மரக்கட்டை மாதிரி கெடக்கு, அது சந்தோசப்படுது. என்னைத் திட்டும், கையில இருக்கிறதைத் தூக்கி எறியும்னு நெனச்சுப் போனேன். அதுக்கு நான் தயாரா இருந்தேன். இதுக்குத் தயாரா இல்ல.

ஞானேஸ்வரி அம்மா வந்து எனக்கு முன்னால இருந்த தேத்தண்ணியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டுல உக்காந்தேன். தெமோதரை பஸ் மூணு போச்சு. ஏற முடியல. வெல்லவாயவுக்கே திரும்பி வந்துட்டேன். சாமானெல்லாம் கட்டி வச்சிருக்கேன். வரலாமான்னு எழுதுங்க.

தேவதாசன்


தெமோதரை
20.10.2024

அன்புத் தம்பி தாசனுக்கு,

நானும் கேஷானியும் சுகம். மழை தொடங்கிருச்சு. பின்பக்கத்துச் சுவரு ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. பதினாலு குடும்பத்தையும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. நாங்க மூணாம் வகுப்பு அறையில இருக்கோம். பெஞ்சை ஒண்ணாச் சேத்துப் போட்டுப் படுக்கிறோம். அதனாலதான் பதில் எழுத இவ்வளவு நாளாச்சு. கொக்கி விசயம் எழுதின கடிதாசிக்கு நான் பதில் எழுதாதது வேற. என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல.

கேஷானிக்கு எல்லாம் சொல்லிட்டேன். ஒன்னுதையும் சொன்னேன், என்னுதையும் சொன்னேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. பொறகு பேசினா.

போன ஞாயித்துக்கிழமை கனகரத்தினம் ஐயா வந்தாரு. எப்படி எடம் கண்டுபுடிச்சாருன்னு தெரியல. மழையில கொடை இல்லாம, சப்பாத்தெல்லாம் சேறு. ஆஸ்பத்திரிக்கு வந்த பொம்பள ஒன் அக்கான்னு யாரோ சொல்லியிருக்காங்க. என்னைக் கண்டதும் வாசல்லயே நின்னு பேச ஆரம்பிச்சாரு. பேசல, கத்துறாரு. எனக்கு வாய் அசையிறது மட்டும்தான் தெரியுது. கழுத்து நரம்பு பொடைக்குது. வகுப்புல இருந்த சனமெல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சு. எனக்குக் காது கேக்காதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கத்துறாரு. நான் தலையைக் குனியல. அவர் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். கேக்க முடியாட்டியும் பாக்கவாவது செய்யணும்னு தோணுச்சு.

முடிஞ்ச பொறகு உக்கார எடம் தேடினாரு. நாற்காலி இல்ல, சின்னப் பிள்ளைங்க பெஞ்சு ஒண்ணை இழுத்துப் போட்டேன். உக்காந்தாரு. முழங்கால் நெஞ்சுக்கு வந்துச்சு. மொகத்தை மூடிக்கிட்டாரு. போறப்ப கேஷானிகிட்ட மெதுவா ஏதோ சொல்லிட்டு, மழையிலயே எறங்கிப் போனாரு.

என்ன சொன்னாருன்னு கேட்டேன். கேஷானி ஒவ்வொண்ணா உதட்டைப் பிரிச்சுச் சொன்னா. ஒன்னைக் கொலைகாரன்னு சொல்லியிருக்காரு. என்னை வேவு பாக்க வந்தவன்னு சொல்லியிருக்காரு. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. நான் சரின்னேன். கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

அதைச் சொல்ல அவளால முடியல. என் கையைப் புடிச்சு உள்ளங்கையில விரலால எழுதினா. அதை அவர் சொன்ன மாதிரியே ஒனக்கு எழுதுறேன்:

"பிள்ளை இப்ப நித்திரை கொள்ளுறாள் எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ."

வா. வழியில மண் சரிஞ்சு ஒரு பக்கம்தான் வண்டி விடுறாங்க, காலையிலயே பஸ் ஏறு. லயத்துக்குப் போயிராத, பள்ளிக்கூடத்துக்கு வா.

ஒன் அக்கா
அந்தோனியம்மா